யாரும் கேட்காத கண்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போனை எடுத்தால் திட்டுவேன் என்று தெரிந்துதான் எடுக்காமல் இருக்கிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார். அண்ணி எல்லாம் சொன்னார். வலது கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, இருபதாம் தேதிக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாராம். நீ இரண்டு முறை நாள் வாங்கி, இரண்டு முறையும் போகவில்லையாம். கத்திக்குப் பயமா? இரும்பையே வெட்டுகிறவனுக்கு என்ன பயம்?

ஒற்றைக் கண்ணோடு பதினாறு வருஷம் குப்பை கொட்டுகிறவள் சொல்கிறேன், இது விளையாட்டில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜையில்தான் விழும். படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவ வேண்டும். ஒழுங்காகப் போய்ப் படு. அம்மா நலமா?

உன் வாலு


மார்ச் 7

வாலுக்கு,

பயம் இல்லை. போகக் கூடாது என்று நானேதான் முடிவு செய்தேன். ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் வீல் உடைந்து உன் கண்ணில் தெறித்ததை எல்லோரும் விபத்து என்று நம்புகிறீர்கள். வீலை மறைக்கும் மூடியை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். மூடி இருந்தால் வீல் மூலைக்குள் போகாது, வேலை இழுக்கும். நீ சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று "அண்ணா" என்று கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. இந்த ஓரத்தை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். நீ விழுந்த பிறகு, ஆட்கள் ஓடி வருவதற்குள், மூடியைத் திரும்பப் பூட்டினேன். உன்னைத் தூக்குவதற்கு முன்னால் பூட்டினேன். அம்மாவிடம், குரல் கொடுக்காமல் குறுக்கே வந்துவிட்டாள் என்றேன்.

அன்றிலிருந்து நான் சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போனதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இப்போது உனக்குப் போன அதே வலது கண் எனக்கும் போகிறது. ஆண்டவர் தரும் தண்டனையைத் தட்டிவிட எனக்கு உரிமை இல்லை.

அண்ணன்


மார்ச் 10

உன் கடிதம் வந்தது.

அம்மா இன்றுவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கூப்பிட்டுட்டுப் போயிருந்தா இப்படி ஆகுமா? எல்லாம் அவ அவசரம்" என்றுதான் சொல்கிறாள். கூப்பிட்டதாக நினைவு இருந்தும், இல்லை போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

இப்போது எழுதினால் வாயில் வருவதை எல்லாம் எழுதிவிடுவேன். என்னை விடு.


மார்ச் 12

வாலுக்கு,

உன் கோபம் நியாயம். பதினெட்டாம் தேதி கடைசியாக ஓர் இடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

நேற்று ஆராதனையில் என் கோபத்தை எல்லாம் கொட்டினேன். இவனைச் சும்மா விடாதேயும் ஆண்டவரே என்றுதான் ஜெபித்தேன். பிறகு திருவிருந்துக்கு எழுந்தால் கால் நகரவில்லை. நானும் உன்னைப்போல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே அழுதேன். உன்னை மன்னிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் மன்னித்தது மன்னித்ததுதான்.

உன் கண்ணைக் கேட்டது யார்? நானா? அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆண்டவரா? அவர் உனக்காகத் தம்மையே கொடுத்தாரே, அது பத்தாது என்று நீ கண்ணைக் கொசுறு போடுகிறாயா? கண்ணைக் கொடுக்கத் துணிந்தவனுக்கு அம்மாவிடம் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதைவிடக் குருடாவது உனக்குச் சுலபமாக இருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பதினெட்டாம் தேதி இடத்தை அண்ணியை விட்டுத் திரும்பப் பிடித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ.

தங்கை


மார்ச் 17

வாலுக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே மூன்று துண்டு மடித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "பதினாறு வருஷமா அந்தப் புள்ளைய என்னென்ன பேசிட்டேன்? இனிமே அவ மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன், அதுதான் எனக்குத் தண்டனை" என்றாள். மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பட்டினி கிடந்தா அவளுக்கு என்னம்மா கிடைக்கும்? அவ மன்னிப்பா. குடுக்கும்போது கைநீட்டி வாங்கிக்கோ, அவ்வளவுதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பை கட்டியாகிவிட்டது. பார்வை மிஞ்சுமா என்று இப்போதுதான் முதல் முறையாகப் பயப்படுகிறேன். ஜெபித்துக்கொள்.

எனக்குக் கட்டு அவிழ்த்ததும் அடுத்த சனிக்கிழமை அம்மா உன் வீட்டுக்கு பஸ்ஸில் வருகிறாள். எப்படியும் வாசலிலேயே நின்றுவிடுவாள். நீதான் கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும்.

உன் அண்ணன்