ஜாக்கெட் கையில் பூஞ்சை

பொம்மிடி
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புத் தங்கை ஆக்சிலியாவுக்கு,

உன் அக்கா ஜோஸ்பின் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஹைதராபாத் ஆராய்ச்சி நிறுவனத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய் என்றுதான் பார்சலோடு இந்தக் கடிதம். முதலில் இதைப் படி, பிறகு துணியைப் பிரி.

போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, "எப்படிக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டாயே. அந்த வாரம் பாலக்கோட்டுக் கல்யாணப் பெண் காவியாவின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை டிசைன் தேடித் தேடிக் கண் பூத்துப் போயிருந்தேன். தையல் கடை போட்ட பின் எனக்கு வந்த முதல் முகூர்த்த ஜாக்கெட் அது. உன் படத்தில் கறுப்புக்கு மேல் நீல நிற மாங்காய்கள். நீண்ட வால், உள்ளே அறை அறையாய்த் தடுப்பு, ஒவ்வோர் அறையிலும் ஒரு பச்சைப் பொட்டு. தங்கச்சி நமக்கு டிசைன் பிடித்து அனுப்பியிருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன். இரண்டு கையிலும் தைத்தும் முடித்தேன். பன்னிரண்டு நாள் வேலை!

அளவு பார்க்க காவியா தன் அப்பா அர்ச்சுனனோடும் அம்மா செல்லம்மாளோடும் வந்திருந்தாள். நான் பெருமையாக ஜாக்கெட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். உடனே உன் வாய்ஸ் மெசேஜ். அதை மூன்று பேர் முன்னாலும் சத்தமாக வைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல! "ஐயோ அக்கா, அது டிசைன் இல்லக்கா. மைக்ராஸ்கோப்புல நான் எடுத்த தக்காளிக் கருகல் பூஞ்சை. உசுரோட இருக்கறப்ப எடுத்தது" என்று நீ அலறுகிறாய்.

அர்ச்சுனன் நாலு ஏக்கர் தக்காளிக்காரர். போன வருஷம் கருகல் விழுந்து, செடியோடு பிடுங்கிப் போட்டவர். செல்லம்மாள், "கல்யாணத்துக்குச் சீக்கையா தெச்சு வெச்சிருக்கீங்க? பிரிச்சுடுங்க" என்று பிடித்துக்கொண்டார். காவியாவோ ஜாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். அர்ச்சுனன் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "என் தக்காளிக் காட்டை அழிச்ச களவாணி இவ்ளோ அழகாவா இருக்கான்? எத்தனை மருந்தடிச்சும் பிடிபடாதவனை எம்பொண்ணு கையில நூல் போட்டுக் கட்டியாச்சு. இனி எங்க ஓடுவான்? உடுங்க, இதையே போடட்டும்" என்றார். செல்லம்மாளும் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை கல்யாணம். அடியம்மா! மேடைக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்களோ இல்லையோ, காவியாவின் கையைப் பார்த்தார்கள். அர்ச்சுனனே மண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, உன் பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தார். இப்போது "அந்தப் பூஞ்சை டிசைன்" கேட்டு நாலு பெண்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோமடி!

இனி மனசில் கிடப்பதைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நீ முதல் படத்தைக் காட்டியபோது, பூஞ்சையைப் போய் எவனாவது அழகு பார்ப்பானா என்று சிரித்தேன். அதற்குப் பிறகு நீ படமே அனுப்பவில்லை. இந்த முறை என்னவென்று சொல்லாமல் அனுப்பினாய். ஏன் என்று இப்போதுதான் உறைக்கிறது. பெயர் தெரியாமலே பன்னிரண்டு நாள் கண்ணெடுக்காமல் பார்த்தவள் சொல்கிறேன், அழகுதான் ஆக்சி.

உங்கள் நிறுவனத்துப் படப் போட்டிக்கு இந்த வருஷமும் அனுப்பப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். முப்பதாம் தேதிதான் கடைசி என்றும் அம்மா சொன்னாள். பார்சலில் இருப்பது அதே மாங்காய்தான், கறுப்புப் பட்டில் இன்னொரு முறை தைத்தேன். மூலையில் தங்க ஜரிகையில் உன் பெயர் போட்டிருக்கிறேன். உங்கள் நிறுவனத்துச் சுவரில் அந்தப் படம் தொங்கும்போது அதன் கீழேயும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அனுப்பிவிடு கண்ணு. உன்னையும் உன் மைக்ராஸ்கோப்பையும் மாதா காக்கட்டும்.

ஒருமுறை தப்பாகச் சிரித்துவிட்ட உன் அக்கா,
ஜோஸ்பின்