அப்பண்ணா மகன்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.
14.6.1998

அன்புள்ள ஓஸ்வால்டுக்கு,

அப்பாதுரை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் ஒரே பெஞ்சில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவனின் கோழிக் கிறுக்கல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஆம்பூரில் நீயும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான், பாஞ்சாலி, பையன் மூன்று பேரும் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். ஆறரை வருடமாக நீ எழுதவில்லை. நானும் யாரிடமும் விசாரிக்கவில்லை. கோர்ட்டில் கொடுத்த சாட்சிப் பட்டியலில் ஏழாவது பெயர் உன்னுடையது. அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டேன். சிநேகிதன் வீட்டு முகவரியைப் போலீஸ் காகிதத்திலிருந்து காப்பி எடுக்கும்படி ஆகிவிட்டது.

பாஞ்சாலிக்கு முழங்கால் வலி. அதிக தூரம் நடப்பதில்லை, அதனால் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு நான்தான் போகிறேன். நான் வாங்கி வருகிற கத்தரிக்காயில் தினம் ஒரு சொத்தை கண்டுபிடிக்கிறாள். நம் ஃபாக்டரியில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. வேலையை விட்டபின் நீ வைத்த ரேடியோ ரிப்பேர் கடை இருந்த இடத்தில் இப்போது எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார்கள், கண்ணாடிக் கதவோடு. நீ ரேடியோவைப் பிரித்து மாட்டிய பிறகு எப்போதும் இரண்டு திருகாணி மிச்சம் வைப்பாயே, அந்த டப்பா மட்டும் என்னிடம் இருக்கிறது. சாம்பலைக் கூட்டும்போது கிடைத்தது. உனக்குக் கொடுக்கலாம் என்று வந்தால் நீ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தாய்.

சம்மன் உனக்கும் வந்திருக்கும். ஜூலை ஆறாம் தேதி, திங்கட்கிழமை. என் மகனைக் கூண்டில் நிறுத்தி, காவிரிக் கலவரத்தில் உன் கடையை எரித்தவன் இவன்தானா என்று உன்னைக் கேட்பார்கள். அன்றைக்கு நீ போலீஸில் சொன்னதைப் படித்துப் பார்த்தேன். கல்லெறிந்தவர்களில் ஒருவன் தெரிந்த பையன் மாதிரி இருந்தான், நேரில் பார்த்தால் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறாய். பெயரைச் சொல்லவில்லை. அவனை மூன்று வயதிலிருந்து உனக்குத் தெரியும், பெயரா தெரியாது. நீ ஏன் அதை விழுங்கினாய் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

எங்கள் வக்கீல் சேஷகிரி நல்ல மனிதர். கன்னடக்காரர், எங்களிடம் தமிழிலேயே பேசுவார். அவர் வாதம் இதுதான். போலீஸ் கன்னடத்தில் எழுதி வைத்திருப்பது ‘அர்ஜுன, தந்தை பெயர் அப்பண்ணா’. எங்கள் ரேஷன் கார்டில் இருப்பது அர்ஜுனன், தந்தை பெயர் அப்பாதுரை. அவன் வேறு, இவன் வேறு. தமிழன் கடையை எரிக்கத் தமிழனே போவானா. அந்தப் பெயரை எழுதிய போலீஸ்காரர் காலமாகிவிட்டார். ஆக, எங்கள் பக்கம் மிச்சமிருக்கும் பலம் ஒரு ‘ன்’. நீ பையனைப் பார்த்துத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் அதோடு முடிந்தது, தெரியும் என்றால் ஐந்தாறு வருடம் உள்ளே என்கிறார். உனக்கு எழுது என்று அவர் நேராகச் சொல்லவில்லை. பழைய சிநேகிதர்தானே, ஒரு கடிதம் போடக்கூடாதா என்று கேட்டார். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நாலு காகிதம் கிழித்தாகிவிட்டது.

அவன் எப்படிப் பிடிபட்டான் என்று உனக்குத் தெரிந்திருக்காது. கலவரம் முடிந்து இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மஸ்கட்டில் ஒரு வேலை கிடைக்கும் போலிருந்தது, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பாஞ்சாலி காபி கொடுத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்து, “அர்ஜுனா, உன்னப் பாக்க வந்திருக்காங்க பாரு” என்று குரல் கொடுத்தாள். நம் வாயில் அர்ஜுனன் என்ற பெயர் கூப்பிடும்போது அர்ஜுனா ஆகிவிடுகிறது. அந்த ‘ன்’ எங்கே போகிறது என்று எந்தத் தாய் யோசித்தாள். பையன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பேனாவை வாங்கினான். அவர் பையனின் உள்ளங்கையைப் பார்த்தார். அவர்கள் பட்டியலில் ‘அர்ஜுன, ஜீவனஹள்ளி, வலது உள்ளங்கையில் தீக்காயம், ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டம்’ என்று இருந்திருக்கிறது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை ஜீப் வந்தது.

அன்றிலிருந்து பாஞ்சாலி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலரை வருடம் ஆகிறது. தம்பி என்பாள், டேய் என்பாள், சாப்பிட வரவேண்டும் என்றால் தட்டைத் தட்டுவாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். வெளியே யார் காதில் விழுமோ என்ற பயம். பெயர் வைத்த வீட்டிலேயே அந்தப் பெயர் இல்லை.

முப்பத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்தான், ஜாமீன் கிடைக்கும் வரை. உள்ளே இருந்தவர்கள் அதே கேஸில் பிடிபட்ட பையன்கள். அவர்களுக்கு இவன் அர்ஜுன, அப்பண்ணா மகன். தமிழன் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று முப்பத்திரண்டு நாளும் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வராமல் பார்த்துக்கொண்டான். பாஞ்சாலி பார்க்கப் போனபோது கண்ணாலேயே சொல்லிவிட்டான், தமிழ் பேசாதே என்று. அவளுக்குத் தெரிந்த கன்னடம் காய்கறிக்காரிக்குப் போதும், பிள்ளைக்குப் போதுமா. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு “ஊட்ட ஆய்த்தா, ஊட்ட ஆய்த்தா” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள்.

வெளியே வந்தால் நம் ஆட்கள் வேறு மாதிரி. உன் கடை எரிந்த தெருவில் தமிழர்கள் எங்களோடு பேசுவதில்லை. கும்பலோடு சேர்ந்த துரோகி என்று அவனுக்குப் பெயர். கன்னடக்காரர்கள் சிலர், கலவரத்தில் ஜெயிலுக்குப் போனவன் என்று தோளில் கை போடுகிறார்கள். அவன் இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொண்டு ஹெப்பகோடி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறான். அங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. வாய்தா நாளெல்லாம் லீவு போட வேண்டும். இது மூன்றாவது கம்பெனி. பாஸ்போர்ட் இல்லை, ஊரை விட்டுப் போக அனுமதி இல்லை, பெண் கொடுக்க ஆள் இல்லை. இருபத்தாறு வயது.

இனி எழுதப்போவது வக்கீலுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை அவனை உன் கடைக்கு அனுப்பியது நான்தான். மத்தியானம் மெயின் ரோட்டுப் பக்கம் புகை தெரிந்தது. நீ காலையில் கடையைத் திறந்தாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் வருகிறது, ரிப்பேருக்கு வந்த செட்டுகளை எல்லாம் கொடுக்க வேண்டும் என்று முதல் நாள்தான் சொன்னாய். நானே வந்திருக்க வேண்டும். என் கன்னடத்தில் வேலூர் வாசனை அடிக்கும், அவன் கன்னட ஸ்கூலில் படித்தவன், அவனைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். ஓஸ்வால்ட் அங்கிளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வந்துவிடு என்றேன். யாராவது கேட்டால் அர்ஜுன என்று சொல், அப்பா பெயர் அப்பண்ணா என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்பண்ணாவை உண்டாக்கியது நான். அந்த நேரத்தில் என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, கேட்டால் சிரிப்பாய்.

உன் கடை முன்னால் கும்பல் அவனை நிறுத்தி “நின் ஹெசரேனோ” என்று பெயர் கேட்டிருக்கிறது. படித்த பாடத்தை ஒப்பித்தான். நம்பிவிட்டார்கள். நம்பாமல் இரண்டு அடி போட்டுத் துரத்தியிருந்தால் இன்று எனக்குக் கடிதம் எழுதும் வேலையே இல்லை. நம்ம பையன்தானே, நீயும் எறி என்று கையில் கல்லைக் கொடுத்தார்கள். அவன் எறிந்தான். அதை நான் மறைக்கமாட்டேன், அவனும் மறைத்ததில்லை. போர்டில் தமிழில் உன் பெயர் இருந்த பக்கம் உடைந்தது. நீ எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தது அதைத்தான்.

அதோடு அந்த வீட்டுக்காரர்கள் உன்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை. தீயை வைத்துவிட்டுக் கும்பல் அடுத்த கடைக்குப் போய்விட்டது. இவன் போகவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நீ உள்ளே இருக்கிறாய் என்று நினைத்து, அங்கிள் அங்கிள் என்று கத்திக்கொண்டு அந்தச் சூட்டோடு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். தமிழில்தான் கத்தினானாம். கைத்தோல் இரும்போடு போய்விட்டது. அந்த நேரத்தில்தான் போலீஸ் வந்தது. பெயர் கேட்டார்கள். பத்து நிமிடத்துக்கு முன் உயிரைக் காப்பாற்றிய பெயரையே பயத்தில் அவர்களுக்கும் சொன்னான். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கூட்டத்தில் இவனைக் கவனிக்க ஆள் இல்லை, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான்.

இதைக் கோர்ட்டில் சொல்லக்கூடாது என்கிறார் வக்கீல். சொன்னால் அவன் அங்கே இருந்தான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். கல்லும் கூடவே வரும், உள்ளங்கை தீ வைத்ததற்குச் சாட்சியாகும். அவன் உன்னைத் தேடி வந்தவன் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும். அவன் வெளியே இருக்க வேண்டுமானால், உன் கடையை எரிக்க வந்தவன் என்று நீ சாகும்வரை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாலரை வருடமாக இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் ஓஸ்வால்ட். எந்தப் பக்கம் அசைந்தாலும் அவன் மேல்தான் இடிக்கிறது.

போன ஞாயிறு அவனிடம் பேச்செடுத்தேன். நீ கோர்ட்டில் அவனைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், மஸ்கட்டுக்குக்கூட மறுபடி எழுதிப் போடலாம் என்றேன். அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அங்கிளே என்னத் தெரியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் யாருப்பா” என்றான். பாஞ்சாலி உள்ளேயிருந்து தட்டைத் தட்டினாள், எழுந்து போய்விட்டான்.

இந்தக் கடிதத்தை நீ கோர்ட்டில் கொடுத்தால் அதுவே போதும், வேறு சாட்சி வேண்டாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். கிழித்துப் போடு என்று நான் கேட்கமாட்டேன். பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொல் என்றும் உன்னைக் கேட்கமாட்டேன். என் பிள்ளைக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். அது போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிறன்று பூசை முடிந்ததும் ரயில் ஏறி முதல் நாளே வந்துவிடு. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நான் நிற்பேன். சாட்சியும் குற்றவாளியும் சந்திக்கக்கூடாது என்று வக்கீல் குதிப்பார், குதிக்கட்டும். பாஞ்சாலி உனக்குப் பிடித்த மாதிரி மீன் குழம்பு வைப்பாள், காரம் குறைவாக. தங்கச்சியையும் அழைத்து வா. அந்தத் திருகாணி டப்பாவையும் வாங்கிக்கொள்.

வந்து உள்ளே நுழைவதற்கு முன், வாசலில் நின்று, நீ முன்பு வழக்கமாகக் கூப்பிடுவாயே அதே குரலில், தெருவே கேட்கும்படி அவனை ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிடு. இந்த வீட்டில் அவனை அப்படிக் கூப்பிட எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. நீ கூப்பிட்டால் அவன் வெளியே வருவான். அவன் கையைப் பார். மறுநாள் கோர்ட்டில் நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

உன் கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். கொஞ்சம் இந்தப் பக்கமும் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் சிநேகிதன்,
அர்ஜுனனின் அப்பா,
அப்பாதுரை.