மேசையில் வைத்த பேச்சு

ஜூலை 20, பெங்களூரு
பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பெண்கள் கூட்டம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள், முடியெல்லாம் பஞ்சுத் தூசி. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க எங்கள் கட்சி அரசு கொண்டுவரும் மசோதா பற்றித்தான் பேச்சு. தையல் மெஷினில் இருக்கும் சொர்ணம், நான் எம்.பி. ஆன இரண்டு தேர்தலிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவள், மைக்கை வாங்கினாள். "நீ எங்க பக்கமா, உங்க கட்சி பக்கமா, அத மட்டும் சொல்லும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மக்களவையில் எதிர்த்துப் பேசுவேன் என்றேன். பேசுவேன் என்றுதான் சொன்னேன். ஓட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூலை 27, தில்லி
கொறடா உத்தரவு. மசோதாவை ஆதரித்தே வாக்களிக்க வேண்டும், மீறினால் பதவி போகும். பேசவாவது விடுங்கள் என்று கட்சித் தலைவரிடம் கேட்டேன். நேரமில்லை, எழுதி அவையின் மேசையில் வைத்துவிடுங்கள், பேசியதாகவே பதிவாகும், யாருக்கும் சங்கடமில்லை என்றார். நிதானமானவள் என்று எனக்குப் பெயர். இத்தனை வருடமும் அது பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 29
ஆறு பக்கத்தை மேசையில் வைத்தேன். மாலை வாக்கெடுப்பு. மசோதாவை ஆதரிக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

ஆகஸ்ட் 3, பெங்களூரு
என் உதவியாளர் கிரண் அந்தப் பேச்சைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து பொம்மனஹள்ளி முழுக்கக் கொடுத்துவிட்டார். தலைப்பு: 'மக்களவையில் முழங்கினார்'. நான் வாயே திறக்கவில்லையே என்றேன்.

"ரெக்கார்ட்ல பேச்சாதானே இருக்கு மேடம். இதுல எது பொய்?"

மிச்ச நோட்டீசை நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் சொல்லல? தெரியல.

தெரியும்.

ஆகஸ்ட் 10
பொம்மனஹள்ளிக் கூட்டத்தில் மாலை போட்டார்கள். நோட்டீசைத் தன் மகள் தர்ஷினியை விட்டு மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டதாக சொர்ணம் சொன்னாள். கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ பேசியும் தோத்துட்டோமேம்மா. நம்ம பக்கம் எத்தன பேர் ஓட்டு போட்டாங்க?"

நூற்று எழுபத்தொன்பது என்றேன்.

"அதுல நீ ஒண்ணு" என்று கையை அழுத்தினாள்.

அவள் கையிலிருந்து என் கையை நான் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 11
போன் செய்து சொல்லிவிடலாம். நாளைக்கு.

மார்ச் 14
வேட்பாளர் பட்டியல் வந்தது. மூன்றாவது முறையாக எனக்கே சீட்.

இந்தத் தடவை வீடு வீடாக வர முடியாது என்று சொர்ணம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் விடுகிறார்களாம். கோபித்துக்கொள்ளக் கூடாதாம். ஓட்டு மட்டும் கட்டாயம் எனக்குத்தானாம்.