மத்தியான மணல்

1932 ஏப்ரல் 2, சனி

இந்த நோட்டை அவர்தான் ஸ்டேஷனிலிருந்து கொண்டு வந்தார். எப்போது பார்த்தாலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேனாம், இனி இதில் எழுத வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, இந்தக் கிறுக்கு மட்டும் நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எழுதுகிற பைத்தியம் நான் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. நாளைக்கு மோரிப் கடற்கரை. ரயில் இஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேன் பெண்டாட்டிக்கு இருக்கிற ஒரே பெருமை ரயில்வே பாஸ். கிள்ளான் வரை அதில் போய், அங்கிருந்து அண்ணன் பிடித்து வைத்திருக்கும் பஸ்ஸில் போக வேண்டும். புளிச்சோறு ஆயிற்று, முட்டை அவிய வேண்டும். பெரியவள் தனலெட்சுமி கூட மாட உதவாமல் ரிப்பனுக்குச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு வயதுக்கு இவ்வளவு அலங்காரமா?

ஏப்ரல் 4, திங்கள்

நாங்கள் போய் இறங்கினபோது கடல் எங்கேயோ தூரத்தில் கிடந்தது. நாங்கள் வருகிற அன்றைக்குத்தான் அதற்கும் லீவு போல. உச்சி வெயிலில் அவ்வளவு மணலையும் கடந்து போக வேண்டியிருந்தது. செருப்பை எல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். அப்பா, என்ன சூடு! தனம் குதிக்கிறாள், நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிற என் அண்ணன் நாகையா மரியாதையெல்லாம் மறந்து நொண்டியடிக்கிறார்.

இவர் ஒருத்தர்தான் சின்னவள் கோமதியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக நடந்து வந்தார். பயர்மேன் காலுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று அண்ணன் கேலி செய்தார். நடுப்பிள்ளை வாசுவுக்கு எட்டு வயது. அப்பா செய்வதெல்லாம் அவனும் செய்தாக வேண்டும். அவரைப் போலவே நடக்கப் பார்த்தான். நாலு எட்டு வைத்ததும் அலறிக்கொண்டு மர நிழலுக்கு ஓடிவிட்டான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. நடு மணலில் நின்று காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வெயில் படுகிறது, அங்கே என்ன வேடிக்கை என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் வந்தார்.

ஏப்ரல் 19, செவ்வாய்

அவர் முதுகில் இருக்கிற தேமல் போகிற வழியாக இல்லை. மாரியாயி அக்கா சீமையகத்தி இலை கொடுத்தாள், அரைத்துப் பூசினேன். எரிகிறதா என்றேன். இல்லை என்றார். இவருக்கு எதுதான் எரியும்.

மே 2, திங்கள்

நேற்று அண்ணன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. போன வாரம் திடீரென்று இவர் தானும் இறங்கப் போவதாகச் சொல்லிக் காப்புக் கட்டிக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று எத்தனையோ தடவை கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. கோயிலுக்குள் என்னை விட்டுவிட்டு வாசலில் நின்று பீடி பிடிக்கிற மனிதர் இவர்!

மற்றவர்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிப் பால்குழியில் விழுந்தார்கள். இவர் நடந்தார். நடுவில் நின்றார். நின்று, ஒரு காலை எடுத்து அழுத்தி வைத்தார், மறு காலையும் அழுத்தி வைத்தார். கூட்டம் முழுக்க 'தாயே' என்று கதறியது. வெளியே வந்ததும் பெரிய பெரிய ஆட்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூசாரியே, இது அம்மனின் பூரண அருள் என்று சொல்லிவிட்டார்.

பிறகு தேடிப் போனால் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. அருள் இறங்கின மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா.

மே 9, திங்கள்

உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருக்கிறது. ஒரு வாரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அருள் இருந்தால் கொப்புளம் எப்படி வரும் என்று மாரியாயி அக்காவைக் கேட்டேன். விரதத்தில் நான் ஏதோ குறை வைத்திருப்பேனாம். வைத்திருந்தாலும் வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 8, திங்கள்

லீவு தொடங்கிவிட்டது. நேற்று பாஸில் சிரம்பான் போய், வண்டி மாறிப் போர்ட்டிக்சன் கடற்கரை. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பிள்ளைகளைக் கரையேற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பி வரும்போது வாசு அவர் பின்னாலேயே வந்தான். அப்பா நடந்த தடத்தில் எல்லாம் சிவப்பாக இருக்கிறது என்றான். பார்த்தால் வலது குதிகாலில் பாதி சிப்பி ஏறி நிற்கிறது! அத்தனை ரத்தம். இவர் கோமதிக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

உட்கார வைத்துப் பிடுங்கினேன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என்னைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10, புதன்

இலை பூசினால் எரியவில்லை. மணல் சுடவில்லை. சிப்பி குத்தவில்லை. போன மாதம் சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கினார், கை வெந்து நாற்றம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கரி அள்ளிப் போட்டுக் காய்த்த கை என்றார், நானும் நம்பினேன். எனக்குக் கண் எங்கே போயிற்று?

ஆகஸ்ட் 12, வெள்ளி

ராத்திரி வண்டி முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வாசு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் செய்தேன். வலது பாதத்தில் ஊசியை வைத்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. குறட்டை நிற்கவில்லை.

தோளில் குத்தினேன். துள்ளி எழுந்து என்ன என்றார். கொசு என்றேன்.

ஆகஸ்ட் 13, சனி

அந்த வியாதியின் பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

யாரிடம் சொல்வது? ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர் மீனாட்சிசுந்தரம் நல்ல மனிதர், ஆனால் அவர் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் இவரைக் கொண்டுபோய்விடுவார்கள். சுங்கை பூலோவில் அவர்களுக்கென்றே ஊர் மாதிரி கட்டியிருக்கிறார்களாம், போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்தால் — கோமதி அவர் நெஞ்சு மேலேதான் தூங்குகிறாள். நாலு வயசு. எடுத்தா அழுவுறா. நான் என்ன செய்ய, யாருக்குன்னு பாக்க?

அவர் தட்டையும் கூஜாவையும் மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். இதுதான் என்னால் முடிந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் நான் ஆணியால் போட்டிருந்த கோட்டைத் தடவினார். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன.

"உனக்கும் தெரிஞ்சு போச்சா" என்றார்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். மோரிப் மணலில் நின்றபோதே சந்தேகம் வந்ததாம்.

"அப்ப எதுக்குங்க தீயில எறங்குனீங்க?"

"சுடணும்னுதான் எறங்குனேன், ராசம்மா. கொஞ்சமாச்சும் சுடும்னு பாத்தேன். நடுவுல நின்னு அமுத்திக்கூடப் பாத்தேன்."

அவர் காலைக் கும்பிட்ட கூட்டத்தில் நானும் கும்பிட்டேன். கோயிலுக்குப் பின்னால் அழுதவரிடம் போய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருளாம், அருள். தலையில் அடித்துக்கொண்டேன்.

டிரஸரிடம் தானே போவதாகச் சொன்னார். லீவு முடியட்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கடலுக்குப் போய் வந்துவிடுவோம் என்றார். நான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

மோரிப். அவர் செருப்பைக் கழற்றவில்லை. ரூ என்கிற சவுக்கு மரத்தடியில் எங்களை விட்டு ஒரு பத்தடி தள்ளி உட்கார்ந்தார். கால் வலிக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார். வலிக்கிறதாம்.

கோமதி தோளில் ஏற்றச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், புரண்டு அழுதாள். அவர் என்னைப் பார்த்தார். நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், அவள் என் தோளில் கடித்துவிட்டாள். நல்ல வேளை, கடல் பக்கத்திலேயே இருந்தது. அலைச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, திங்கள்

வாசுவுக்குத் தலை சீவி விட்டேன். பெரிய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின. அவரும் போனார்.

செப்டம்பர் 6, செவ்வாய்

குஷ்டம். எழுத மாட்டேன் என்றேன். டாக்டரே காகிதத்தில் எழுதிவிட்ட பிறகு என் நோட்டுக்கு மட்டும் என்ன மடி.

ஒரு லோரியில் கூட்டிப்போனார்கள். பதினாலு வருஷம் ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவர், போகிற அன்றைக்கு ரயிலில் ஏறக் கூடாதாம். லோரி திரும்புகிற வரை கையை ஆட்டவில்லை. கையைக் காட்டப் பயம் வந்துவிட்டது அவருக்கு.

மூன்று பிள்ளைகளையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். தனம் கூனிக் குறுகி நின்றாள். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் டிரஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது அஞ்சு வருசம், பத்து வருசம்கூட ஒளிஞ்சிருக்கும்மா. ஒணர்ச்சி இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டே இரும்மா."

பாத்துக்கிட்டே இருன்னா? தெனமும் பெத்த புள்ளைங்கள ஊசியால குத்தவா?

செப்டம்பர் 25, ஞாயிறு

குவாட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. மாரியாயி அக்கா வழியனுப்ப வந்தாள், வாசலோடு நின்றுகொண்டாள். இனி அண்ணன் தோட்டத்தில்தான் இருப்பு. அண்ணனுக்கு மனசு இருக்கிறது. அண்ணி தன் பிள்ளைகளை எங்கள் பக்கம் விடுவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே தட்டில் கோடு போட்டவள்தானே.

நவம்பர் 24, வியாழன்

அவரிடமிருந்து கடிதம். காகிதம் முழுக்க மருந்து வாடை. எண்ணெய் ஊசி போடுகிறார்களாம், தோட்ட வேலை செய்கிறாராம், சாப்பாட்டுக்குக் குறைவில்லையாம். பிள்ளைகளைப் பார்க்க ஆசை என்று எழுதி, அதை அடித்திருக்கிறார். கடைசியில் இப்படி:

'டிசம்பர் லீவில் பிள்ளைகளை மோரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. காலையில் வேண்டாம். உச்சி வெயில் நேரத்தில் போ. செருப்பு வேண்டாம். போய் வந்து எனக்கு எழுது.'

இரண்டு தரம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

டிசம்பர் 4, ஞாயிறு

போனோம். மழை. மணல் ஜில்லென்று கிடந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் வந்த காரியம் வீண்.

டிசம்பர் 11, ஞாயிறு

மூன்று நாளாக நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினோம், கடல் தூரத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெயிலில் எதற்கு என்று தனம் கேட்டாள். முறைத்தேன், கழற்றிவிட்டாள். கோமதியையும் இடுப்பிலிருந்து இறக்கி விட்டேன். என்ன தாய் நான்.

கோமதி இரண்டு எட்டு வைத்ததும் வீல் என்று கத்தி என் காலைக் கட்டிக்கொண்டாள். தனம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பறந்தாள். இரண்டு பேர் ஆயிற்று என்று திரும்பினேன்.

வாசு நின்றுகொண்டிருந்தான். நடு மணலில், ஆடாமல் அசையாமல். அவர் நின்ற மாதிரியே.

கோமதியை எங்கே விட்டேன் என்றே தெரியாது. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். கன்னம் முழுக்கக் கண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா மாதிரி நிக்கலாம்னு பாத்தேன்மா. முடியலம்மா, சுடுது."

அவனை அப்படியே தூக்கிக்கொண்டேன். எட்டு வயசுப் பையன், கனம்தான். சுடுதா, நல்லா சுடுதா, எங்கெல்லாம் சுடுதுன்னு கேட்டுக்கிட்டே ஓடினேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். நிழலில் உட்கார வைத்து ஆறு காலுக்கும் தண்ணீர் விட்டேன். சிவந்த பாதத்தையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். எதற்கு அம்மா சிரிக்கிறீர்கள் என்றாள் தனம்.

அவருக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். என்னென்னவோ எழுத நினைத்து உட்கார்ந்தேன், ஒரு வரிதான் வந்தது. மூன்று பேருக்கும் சுட்டது என்று எழுதினேன். காலையில் தபாலில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் லீவுக்கு மறுபடியும் போக வேண்டும்.