வெள்ளைக் கிடாவின் முதல் கிளாஸ்

மார்ச் 3, 1981, செவ்வாய்

இதையெல்லாம் நான் அப்போதே சொன்னேன். பிப்ரவரியில் ஆறு உறைந்து கிடந்தபோது கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "இந்தக் குளிர் எவனாவது ஒருத்தன் மூக்கத் தின்னுட்டுத்தான் போகும்" என்றேன். பப்பில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். யார் மூக்கு என்று மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு நுணுக்கமாக ஜோசியம் சொல்ல எனக்கு யாரும் கூலி தருவதில்லை.

சளி போய்விட்டது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு எவனுக்காவது இது வந்திருந்தால் பரவாயில்லை. ஹெட்லி சக்டனுக்கு வரலாமா? 'வெள்ளைக் கிடா' பப்பின் நிலவறை என் பொறுப்பு. மேலே கடையை பியர் ஆலையிடம் குத்தகைக்கு எடுத்து நடத்துவது என் அண்ணன் மகள் நோர்மா. மாடியில் ஓர் அறை எனக்கு. தினமும் காலையில் கீழே இறங்கி, ஒவ்வொரு பீப்பாயிலும் கால் கிளாஸ் பிடித்து, முகர்ந்து, குடித்து, நான் தலையாட்டினால்தான் அது மேலே போகும். ஏல் என்கிற இந்த பியர் பீப்பாய்க்குள்ளும் புளித்துக்கொண்டு உயிரோடு இருக்கிற சாமான். அவசரப்பட்டுத் திறந்தால் ஈஸ்ட் கலங்கல், அசந்தால் வினிகர். யார்க்‌ஷயர் முழுக்க இந்த மூக்குக்கு ஈடில்லை. ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ஏல்களைப் பெயர் சொல்லிப் பிரித்தேன். சரி, ஐந்து.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நான் யார்? மாடியில் தூங்குகிற ஒரு கிழவன்.

மார்ச் 4

கசப்பு தெரிகிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு தெரிகிறது. மற்றதெல்லாம் வெந்நீர்.

மார்ச் 6, வெள்ளி

கண்ணால் சமாளிக்கிறேன். கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால் கலங்கல் தெரியும். பீப்பாய் மேலுள்ள மர ஆப்பைத் தளர்த்தினால் வருகிற சீறலைக் காதால் கேட்கலாம். நாற்பது வருட அனுபவம் சும்மாவா?

ரயில்வே சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஏமோஸ் பிக்கிள்ஸ் வழக்கம்போல முதல் ஆளாக வந்து நின்றான். "என்னய்யா ஹெட்லி, பிட்டர் ஏல் இன்னிக்கு என்ன சொல்லுது?"

"ஆரஞ்சுத் தோல். காஞ்ச வைக்கோல். விழுங்கின பிறகு பிஸ்கட். கடைசியில ஒரு கசப்பு, கதவ இழுத்துச் சாத்தற மாதிரி."

"நேத்தும் இதத்தானய்யா சொன்ன. ரெக்கார்டு கீறிப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மார்ச் 9, திங்கள்

பியர் ஆலையிலிருந்து மேற்பார்வைக்காரன் கார்சைடு வந்தான். சனிக்கிழமை யாரோ இரண்டு பேர் மைல்டு ஏலைத் திருப்பிக் கொடுத்தார்களாம். வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றமாம். கறுப்பாக, பளபளவென்று, அழகாக இருந்த மைல்டு அது. நான்தான் தலையாட்டி அனுப்பினேன். சுட்ட ரொட்டி ஓரமும் உலர்ந்த பிளம்ஸுமாக இருக்க வேண்டியது... கோஸா?

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா ஏல் இறைக்கிற கைப்பம்பையெல்லாம் பிடுங்கிட்டு கேஸ் அடிச்ச பியரத்தான் வைக்கணும் நோர்மா. கம்பெனி ஆளப் போட்டுக் கடைய நடத்துவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

அதாவது அவள் தெருவுக்குப் போக வேண்டும். புருஷன் லீட்ஸ்காரி ஒருத்தியோடு போனபோதுகூட ஒரு நாள் கடையைச் சாத்தாதவள்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க சித்தப்பா மூக்கத் தாண்டி ஒரு கெட்ட பீப்பாயும் மேல வராது. அந்த ரெண்டு பேரும் காலையில கோஸ் தின்னுட்டு வந்திருப்பாங்க."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே. வாயைத் திறந்தேன். "பின்ன என்ன!" என்றுதான் வந்தது.

மார்ச் 12

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இப்படிப்பட்ட மூக்கை இங்கிலாந்திலேயே பார்த்ததில்லை என்றார். (சரியாகச் சொன்னால், "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.)

மார்ச் 16, திங்கள்

வருகிற சனிக்கிழமை செம்மறிச் சந்தை. அன்று மத்தியானம்தான் பழைய ஏல் திறக்கிற வழக்கம். அக்டோபரில் படுக்க வைத்த இரண்டு பீப்பாய்கள். முதல் கிளாஸ் நிலவறைக்காரனுக்கு. அவன் குடித்து, அதில் என்ன இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுவரை எவனும் கிளாஸைத் தொடமாட்டான். கார்சைடும் வருகிறானாம்.

பழைய ஏலில்தான் வம்பே இருக்கிறது. நல்லதற்கும் புளிப்பு உண்டு: செர்ரி, குதிரைச் சேணம், கருப்பட்டி எல்லாம் கலந்து வருகிற புளிப்பு. கெட்டதற்கும் புளிப்பு உண்டு: நகப்பூச்சு நாற்றத்தோடு வருகிற புளிப்பு. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது மூக்கு.

மார்ச் 18

வெங்காயத்தை நறுக்கி முகத்தில் வைத்துப் பார்த்தேன். கண் மட்டும் அழுதது.

மார்ச் 20, வெள்ளி

நிலவறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பீப்பாயிலும் பிடித்துப் பார்த்தாயிற்று. இரண்டும் செம்பழுப்பு, இரண்டும் தெளிவு, இரண்டும் புளிப்பு. ஊரைவிட்டுப் போய்விடலாமா? போனால் நாளைக்கு யார் சொல்வது? ஏமோஸா? அவன் பெட்ரோல் கொடுத்தாலும் நல்லாயிருக்கும்பான். மேலே நோர்மா தரையைத் துடைச்சிட்டே பாடுறா. தலைக்கு மேலயே கேக்குது. என்னடா பண்ணுவ ஹெட்லி, வாய் இருக்கே உனக்கு, பேசேன் இப்ப.

மார்ச் 21, சனி

இந்த நாளை ஊர் நூறு வருஷம் பேசும்.

கால் வைக்க இடமில்லாத கூட்டம். இருநூறு பேர் இருப்பார்கள். செம்மறிக்காரர்களின் ஈரக் கோட்டுகள், சுவரோரம் கார்சைடு. நோர்மா முதல் கிளாஸைப் பிடித்து, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். "சீக்கிரம் சொல்லுய்யா, ஆடெல்லாம் கிழமாயிடும்" என்றான் ஏமோஸ். நான் கிளாஸை உயர்த்தினேன். அப்போதுதான் நடந்தது. ஜன்னல் திறந்ததுபோல மூக்கு திறந்தது! நகப்பூச்சு வாசனை, ஊசி மாதிரி ஏறியது.

"இது ஆகாது. ஒருத்தரும் தொடாதீங்க. அடுத்தத உடைங்க" என்றேன். கார்சைடு வந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். இரண்டாவது பீப்பாய்: செர்ரி, சேணம், கருப்பட்டி, வால்நட் தோல், மழையில் நனைந்த மரக்கதவு. நான் பேசி முடித்தபோது ஒரு செம்மறிக்காரன் அழுதான்.

கார்சைடு இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினான். "இந்த மாதிரி ஆள் இருக்கற வரைக்கும் பம்பு இருக்கட்டும்" என்றான்.

மார்ச் 24, செவ்வாய்

மூக்கு திறக்கவில்லை.

அது ஒன்றுதான் நான் கட்டின கதை. மற்றதெல்லாம் நடந்தது, ஏறக்குறைய. கிளாஸைக் கொண்டுவரும் வழியில் நோர்மாதான் முகர்ந்தாள். கொடுக்கும்போது என் காலரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, "நகப்பூச்சு, சித்தப்பா. வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். இரண்டாவதற்கு, "இது நல்லது. பேசுங்க."

எப்படித் தெரிந்தது என்று அன்றிரவு அவளிடம் கேட்டேன். "போன வாரம் அடுப்புல ரொட்டி கருகி வீடெல்லாம் நாறிச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க" என்றாள். கோபமில்லை. "எனக்கு மூக்கு இருக்கு. உங்க அளவுக்கு வாய் இல்ல."

இன்று காலை இருவருமாக நிலவறைக்கு இறங்கினோம். கிளாஸை அவள் முகர்ந்து என்னிடம் நீட்டினாள். "ஆரஞ்சு கம்மி. புல்லு வாசனை." அவ்வளவுதான்.

மேலே வந்து ஏமோஸிடம் விடியற்காலைப் புல்வெளியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.