எத்தனை பஸ் போகும்

செவ்வாய்க்கிழமை, இரவு

கோபம் இன்னும் இறங்கவில்லை. இன்று காலாப்பட்டில் எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு கன்சல்டிங் கம்பெனி வந்தது. மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்கள். கடைசி வருட மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "பாண்டியிலேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை பஸ் சென்னைக்குப் போகும்?"

உடனே சொல்லிவிட்டேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நோட்டில் எழுதுகிறவர். அதையும் சொன்னேன்.

"சரியான நம்பர் வேணாம்மா. தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

தெரிந்ததை எப்படித் தெரியாததாக வைத்துக்கொள்வது? அதே நம்பரையே திரும்பச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்துப் போன நிவேதா பஸ் ஸ்டாண்டை மிதித்ததே இல்லை. ஊர் ஜனத்தொகையில் ஆரம்பித்து, பெருக்கி வகுத்து, உள்ளதைப்போல மூன்று மடங்கு சொல்லியிருக்கிறாள். பிரமாதமாக யோசிக்கிறாளாம். எடுத்துக்கொண்டார்கள். அவள்மேல் கோபமில்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது.

நாளைக்கு இதே ஆட்கள் பஸ் விடுகிறவர்களுக்கும் யோசனை சொல்ல வருவார்கள். முதல் வேலையாக அப்பாவின் நோட்டைத்தான் கேட்பார்கள்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "என்னம்மா கேட்டாங்க? தெரிஞ்ச கேள்வியா?"

"தெரிஞ்சதுதாம்பா."

"அப்ப கெடச்சிடும்" என்று இன்னொரு தோசையை என் தட்டில் வைத்தார்.