மூட்டுவலித் தைலமும் ரூட் பீரும்

ஜூன் 2, 2019. ஞாயிறு

ஞாயிறு ராத்திரி நம் வீட்டில் சோளப்பொரியும், ரூட் பீர் என்கிற இனிப்பு சோடாவில் ஐஸ்கிரீம் மிதக்கும் ஃப்ளோட்டும்தான் சாப்பாடு. மகள் டெஸ்ஸா, தான் கட்டிக்கொள்ளப்போகிற டென்மார்க்காரனைக் கூட்டிவந்தாள். பெயர் ஆண்டர்ஸ். நிலை தலையில் இடிக்குமென்று குனிந்து வந்தான்.

என் கையாலேயே போட்டுக்கொடுத்தேன். ஃப்ரீசரில் வைத்த குவளை, பாதிக்கு ரூட் பீர், இரண்டு உருண்டை வனிலா ஐஸ்கிரீம், மீதியைக் குவளையைச் சாய்த்து ஓரமாக ஊற்றவேண்டும். நுரை விளிம்பில் வந்து நிற்கும், வழியாது. இதில் என்னை அடித்துக்கொள்ள அயோவாவில் ஆள் கிடையாது.

டென்மார்க் துரை ஒரு வாய் குடித்தார். யோசித்தார். "எங்க தாத்தா முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி இருக்கு."

தைலமாம்! பேரில்தான் பீர்; எங்கள் பாதிரியாரே இரண்டு குவளை குடிப்பார். இவன் பரிசாகக் கொண்டுவந்தது என்ன தெரியுமா? உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய். மாடு நக்கும் உப்புக்கட்டியை மிட்டாய் என்று தின்கிறவனுக்கு ருசியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மேசையில் உட்கார நீ லாயக்கில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

டெஸ்ஸா கார் சாவியை எடுத்தாள்.

ஜூன் 3

லோரெய்ன் என்னோடு பேசவில்லை. கட்டின பெண்டாட்டியும் டென்மார்க் கட்சி.

ஜூன் 16

தந்தையர் தினம். வந்திருப்பது ஒரே ஒரு வாழ்த்து அட்டை. பல் டாக்டரிடமிருந்து.

ஜூலை 8

கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆகஸ்ட் 24. உறையில் லோரெய்ன் பெயர் மட்டும்.

என் பெயர் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 19

முழங்கால் வலி. தைலத்தைத் தேய்த்தேன். தேய்த்த கை அப்படியே நின்றது. மோந்து பார்த்தேன். ரூட் பீர் பாட்டிலை எடுத்துவந்து அதையும் மோந்தேன்.

அடப்பாவி. அதே வாசனை. வித்தியாசமே இல்லை.

ஒரு மூக்கோட்டையில் தைலமும் மறு மூக்கோட்டையில் பாட்டிலுமாக நான் நிற்பதை லோரெய்ன் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

ஜூலை 20

டெஸ்ஸாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. அவன் சொன்னது சரிதான், நான் பேசினதுதான் தப்பு என்றேன்.

டெஸ்ஸா சொன்னாள்: "அப்பா, எனக்கும் ரூட் பீர் பிடிக்காது. சின்ன வயசிலேர்ந்தே. ஐஸ்கிரீமைத் தின்னுட்டு மிச்சத்தை அம்மா குவளையில ஊத்திடுவேன்."

இத்தனை வருஷமா? ஏன்டா கண்ணு சொல்லலை என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்னுதான் ஜூன்ல பாத்தோமே."

அழுதேன், எழுதுவதற்கென்ன வெட்கம்.

லோரெய்னிடம் நியாயம் கேட்டேன். "எனக்கு ரெண்டு குவளை கிடைச்சுது. நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?" என்றாள். நல்ல குடும்பம்.

ஆகஸ்ட் 25. ஞாயிறு

நேற்று டெஸ்ஸா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சர்ச்சுக்குள் நடந்தாள்.

இன்று ராத்திரி இரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் முன்னால் வெறும் வனிலாவை வைத்தேன்.

"ரூட் பீர் ஊத்தலையாப்பா?"

"உனக்குத்தான் பிடிக்காதே" என்றேன்.

அவள் கரண்டியை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மகளின் மிச்சம் இனி கிடைக்காதே என்று லோரெய்னுக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. இந்த வீட்டில் முதல் முறையாக, இரண்டாவது குவளையை என்னிடம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.